நாலரை அடி ஒசரம்

ஏறி வாங்கம்மா. படி கொஞ்சம் செங்குத்துதான், கம்பியப் பிடிச்சுக்கிடுங்க. மொத்தம் ஏழு படி. முந்தி இந்த வீட்டுக்கு ஒரு படிகூடக் கெடையாது பாத்துக்கிடுங்க. ரோட்டு மேல ரோடு, அது மேல இன்னொரு ரோடுன்னு போட்டுப் போட்டு, கடைசியில வீட்டுக்குள்ள எறங்கித்தான் வரணும்னு ஆயிப்போச்சு. கெணத்துக்குள்ள எறங்குத மாதிரி. உக்காருங்க, ஃபேன் போடுதேன்.

நீங்க போன்ல பேசும்போதே புரிஞ்சுது. வீட்டத் தூக்கணும், அதுக்கு முன்னால தூக்கின வீடு ஒண்ணக் கண்ணால பாக்கணும். உங்களுக்கு முன்னால ஆறு பேரு வந்து பாத்துட்டுப் போயிருக்காவ. எல்லாரும் செவுத்தத் தட்டிப் பாப்பாவ, விரிசல் இருக்கான்னு குனிஞ்சு தரையப் பாப்பாவ. நீங்களும் பாருங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஒரு விரிசல் காட்டிட்டீங்கன்னா நான் என் கேக்குத் தொழிலையே விட்டுருதேன்.

மேஸ்திரி நம்பர் தாரேன். செலவு எவ்வளவு, எத்தன நாளு, அதெல்லாம் அவர்கிட்டயே கேட்டுக்கிடுங்க. ஆனா அதுக்கு முன்னால நான் சொல்லுதத முழுசாக் கேட்டுருங்க. ஏன்னா கீழ, இந்தா ஒட்டுன மாதிரி இருக்குல்லா, அந்த வீட்ல என் தம்பி இருக்கான். நீங்க வரும்போது வாசல்ல உக்காந்து ஏதோ மோட்டாரக் கழட்டிக்கிட்டு இருந்திருப்பானே, அவன்தான். ஒரு வார்த்தை பேசமாட்டான். ஆனா பாப்பான். அவன் பாக்குத பார்வையில, இந்தப் பொம்பள ஏதோ பெரிய அநியாயம் பண்ணிட்டா போலன்னு உங்களுக்குத் தோணிரும். அதனால நானே சொல்லிருதேன்.

என் பேரு எமல்டா. இந்த உப்புக்கிடங்குத் தெருவுல எமல்டா கேக்குன்னா சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். கல்யாண கேக்கு, ஞானஸ்நான கேக்கு, கிறிஸ்மஸுக்கு பிளம் கேக்கு. இருபத்தாறு வருசமா இதுதான் வேலை. கல்யாணம் பண்ணிக்கிடல. பிடிக்கல, பண்ணல, அவ்வளவுதான், அதுல ஒரு கதையும் கெடையாது. தம்பி பேரு தஸ்நேவிஸ். வீட்ல நேவிஸுன்னு கூப்பிடுவோம். மோட்டாருக்குக் காயில் கட்டுவான். என்னைவிட எட்டு வயசு எளையவன். அவன் பெஞ்சாதி ராக்கினி, ஒரே மக அன்சி, பத்தாங்கிளாஸ் படிக்கா.

எங்க அப்பா துறைமுகத்துல கிரேன் ஓட்டுனாவ. ஒரே வீடாக் கட்டி, நடுவுல ஒரு செவுரு வச்சு ரெண்டாப் பிரிச்சாவ. கெழக்குப் பாதி எனக்கு, மேக்குப் பாதி தம்பிக்கு. அந்த நடுச்செவுத்துல ஒரு கதவு உண்டு. அது பூட்டியிருந்து நான் பாத்ததே இல்ல. நான் கேக்கு ஓரம் வெட்டுனா அந்தத் துண்டெல்லாம் அந்தக் கதவு வழியாத்தான் அன்சிக்குப் போகும். அங்க மீன்கொழம்பு வச்சா இங்கன ஒரு கிண்ணம் வரும்.

இப்பத் தண்ணிக்கு வாரேன்.

எங்க ஊர்க் கடல் அலையடிக்காத கடலுன்னு உங்களுக்குத் தெரியும். கொளம் மாதிரி கெடக்கும். அது வீட்டுக்குள்ள வாறதும் அப்படித்தான், சத்தமே இல்லாம. ஐப்பசி பொறந்துட்டா தை வரைக்கும், அமாவாசையோ பௌர்ணமியோ, அதுக்கு முந்தின நாளு, மறுநாளு, கடல் ஏறும். தெரு வாறுகால்ல ஓடுத சாக்கடத் தண்ணி கடலுக்குப் போகணும், அதான முறை. அந்த நாள்ல கடல் அதே வாறுகால் வழியா தெருவுக்கு வரும். மொதல்ல குளிக்குத ரூம்புல தண்ணி போற ஓட்டைக்குள்ள கொளகொளன்னு ஒரு சத்தம். பெறகு கருப்பா ஒரு தண்ணி எட்டிப் பாக்கும். அரை மணி நேரத்துல அடுப்படிக்கு வந்துரும். வானத்தப் பாத்தா வெளுத்துக் கெடக்கும், ஒரு பொட்டு மழை இருக்காது. வறண்ட வானிலைன்னு ரேடியோவுல சொல்லிக்கிட்டு இருப்பான். நான் கணுக்கால் தண்ணியில நின்னு அதக் கேட்டுக்கிட்டு முட்டை அடிச்சுக்கிட்டு இருப்பேன்.

தண்ணி போயிரும். நாலு மணி நேரத்துல வத்திரும். ஆனா உப்பு போகாதும்மா. செவுத்துல பூத்துக்கிட்டே இருக்கும். பீரோ கால் தின்னு போச்சு, கேட்டு தின்னு போச்சு, ரெண்டு ஃபிரிட்ஜு போச்சு. உங்க வீட்லயும் அதான, சொல்லவே வேண்டாம்.

மூணு வருசத்துக்கு முன்னால ஒரு கார்த்திகை மாசம். நாலு அடுக்குக் கல்யாண கேக்கு. ஐசிங் முடிச்சு, ரோஜாப்பூவெல்லாம் வச்சு மேசையில நிறுத்தியிருக்கேன். பதினோரு மணிக்குத் தண்ணி வந்துட்டு. ஆட்டோக்காரன் தெருமுனைக்கு மேல வரமாட்டேன்னுட்டான். நான் என்ன செஞ்சேன் தெரியுமா. நாலு அடுக்கையும் தனித்தனியாப் பெட்டியில வச்சு, ஒவ்வொண்ணாத் தலையில தூக்கிக்கிட்டு, முழங்கால் தண்ணியில நாலு தடவ தெருமுனைக்கு நடந்தேன். ஒரு பூ உதிரல. அன்னைக்குத் திரும்பி வந்து பாத்தா என் கேக்கு அடுப்பு, பெரிய அவன் அடுப்பு, அடியில பாதி முங்கிக் கெடக்கு. அதுக்கு முன்னால அப்படியே நின்னேன். இனிமே இந்த வீட்டுக்குள்ள கடல் வரக்கூடாது. ஒண்ணு கடல் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.

தெருவுல நெறையப் பேரு வித்துட்டுப் போனாவ. என்னையும் போகச் சொன்னாவ. பைபாஸ் பக்கம் ஒரு வீடு பாத்துக்கூட வச்சாவ. நான் போகமாட்டேன்னுட்டேன். எதுக்குப் போகணும்? பின்னால வந்தது கடல்தான, நான் முன்னாலயே இருக்கேன்லா.

அப்பதான் இந்த வீடு தூக்குத மேஸ்திரியப் பத்திக் கேள்விப்பட்டேன். வடநாட்டு ஆளு, பேரு ராம்பால். வந்து பாத்தாரு. செவுத்துக்கு அடியில கொஞ்சம் கொஞ்சமா வெட்டி ஜாக்கி வைப்பாங்களாம், நூத்தி இருபது ஜாக்கி, விசில் ஊதுனா எல்லாரும் ஒரே நேரத்துல ஒரு திருப்பு. ஒரு நாளைக்கு அரையடி. மேல போகப் போகக் கீழ கல்லு கட்டி, உள்ள மண்ணு நெரப்பிருவாங்க. நாலரை அடி தூக்குனா இந்தத் தெருவுல எந்தத் தண்ணியும் ஏறாதுன்னாரு. ஒரே ஒரு கஷ்டம், அந்த நடுச்செவுரு. ரெண்டு வீட்டுக்கும் ஒரே செவுரு. என் பாதிய மட்டும் தூக்கணும்னா கூரைய அறுக்கணும், செவுத்துலருந்து என் வீட்டப் பிரிச்சு எடுக்கணும்.

தம்பியக் கேக்காமச் செஞ்சேன்னு தெருவுல ஒரு பேச்சு இருக்கு. நீங்களும் கேள்விப்படுவீங்க. பச்சப் பொய். கேட்டேன். லாரி வந்து ஜாக்கியெல்லாம் வாசல்ல எறக்கியாச்சு, அன்னைக்குக் காலையிலயே போய் அவன்கிட்டச் சொல்லிட்டேன். நீயும் சேந்து தூக்கு, ரெண்டையும் ஒண்ணாத் தூக்குனா அறுக்கவே வேண்டாம்னும் சொன்னேன். உடனே பதில் சொல்ல வேண்டாம், சாயங்காலம் வரைக்கும் யோசின்னேன். வேற என்னம்மா செய்ய முடியும் ஒரு மனுசி?

அவன் ஜாக்கிகளப் பாத்தான். உள்ள போயிட்டான். அன்சிக்கு அந்த வருசம் படிப்புச் செலவு, அது இதுன்னு ராக்கினி பெறகு சொன்னா. அத அவன்லா சொல்லியிருக்கணும். நான் என்ன சோசியமா பாக்குதேன்?

மறுநாள் அறுத்தாங்க. கூரை மேல மிசினு வச்சு அறுக்கும்போது தெருவே வெள்ளப் புழுதி. நடுச்செவுர முழுசா அவன் பக்கமே விட்டுட்டேன். பங்கு கேக்கல, பாதி கேக்கல. என் பக்கத்துக்குத் தூண் போட்டுக்கிட்டேன். அது என் பெருந்தன்மைன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் சொல்லல.

வீடு மேல ஏறும்போது நான் உள்ளதான் இருந்தேன். வெளிய இருக்கச் சொன்னாரு ராம்பால், நான் கேக்கல. ரெண்டாவது நாள் அந்தக் கேக்கு அடுப்புல ஒரு ஸ்பாஞ்சு கேக்கு வச்சிருந்தேன். வெளிய விசில் ஊதுது, வீடு ஏறுது. தொறந்து பாத்தா கேக்கு நல்லா எழும்பி நிக்கு, நடுவுல ஒரு பள்ளம் விழல. அந்த வேலைக்காரப் பயலுவளுக்குத்தான் அத வெட்டிக் குடுத்தேன்.

எல்லாம் முடிஞ்ச பெறகு அந்தக் கதவு. யோசிச்சுப் பாருங்க. என் தரை நாலரை அடி மேல போயிட்டு. கதவு அங்கனயே நிக்கு. தொறந்தா எனக்கு அடியில நெரப்புன மண்ணுதான் தெரியும். அதனால கல்லு வச்சு அடைக்கச் சொன்னேன். ராம்பால் நடுச்செவுத்துப் பக்கம் முழுக்க மண்ணத் தாங்க ஒரு கனமான செவுரு தனியாக் கட்டணும்னாரு. நான்தான் எதுக்குன்னு கேட்டேன். தம்பி செவுருதான் இருக்குல்லா, முக்கா அடி கனம், அது தாங்காதா. கதவு இருந்த எடத்துக்கு மட்டும் ஒத்தைக் கல்லு கனத்துல ஒரு செவுரு வச்சு அடைச்சாப் போதும்னேன். அவரு ரெண்டு தடவ சொன்னாரு. பெறகு சொல்லல.

கதவ அடைச்ச அன்னைக்கு அன்சி அந்தப் பக்கம் நின்னா. கடைசி வரிசைக் கல்லு வைக்கும்போது அவ மொகம் தெரிஞ்சுது. அத்தை, இனிமே எப்படி வாறதுன்னா. வாசல் வழியா வா, படி எதுக்குக் கட்டியிருக்குன்னேன்.

அவ வரல. அவ அப்பன் விடல. வைகாசியில தூக்குனேன், ஆறு மாசம் அந்த வீட்லருந்து ஒரு சொல்லு கெடையாது. ராக்கினி மட்டும் துணி காயப்போடும்போது லேசாச் சிரிப்பா. ஐப்பசியில தண்ணி வர ஆரம்பிச்சது. எனக்கு ஒரு சொட்டு இல்ல. அவன் வீட்ல முந்தியவிட ரெண்டு இஞ்சு கூட நிக்குன்னு தெருவுல சொன்னாவ. என் படி தெருவுக்கு நீட்டிக்கிட்டு இருக்காம், அதுல முட்டித் தண்ணி அவன் வாசலுக்குத் திரும்புதாம். தண்ணிக்கு என் படிதான் கெடச்சுதா? அது எப்பவும் வந்த தண்ணிதான்.

இப்பக் கார்த்திகைக்கு வாரேன். அதச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

மூணு நாளா மழை. கடல்ல புயல் சின்னம், நமக்கு நேரா வரல, ஆனா வாடைக்காத்து கடலக் கரை மேல தள்ளிக்கிட்டே இருந்துது. அன்னைக்குப் பௌர்ணமி வேற. காலையில பத்து மணிக்கே தெரு முழங்கால். பன்னெண்டு மணிக்கு இடுப்பு. நான் இந்தா, இந்த வாசல்ல நிக்கேன். என் நாலாவது படி வரைக்கும் வந்து தண்ணி நின்னுட்டு. மூணு படி மிச்சம். எனக்கு எப்படி இருந்துது தெரியுமா. சத்தம் போட்டுச் சொல்லணும் போல இருந்துது, பாருங்கடே, தூக்குனவ நிக்கா பாருங்கடேன்னு.

பக்கத்துல பாத்தேன். ராக்கினி அன்சியத் தோள்ல பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கா. மூணு பேரும் மேல வாங்கன்னேன். ராக்கினி யோசிக்கவே இல்ல, பிள்ளையக் கூட்டிக்கிட்டுத் தண்ணியில நடந்து வந்துட்டா. படி ஏறும்போது சொன்னா, மைனி, அவுக வரமாட்டேங்காவ, பட்டறை மேசை மேல ஏறி உக்காந்திருக்காவ.

இங்கனருந்து மூணு தடவ கூப்பிட்டேன். பதில் இல்ல. நாலாவது தடவ கூப்பிட எனக்கு ரோசம். எங்க குடும்பத்துல பிடிவாதம் இல்லாத ஆளு நான் ஒருத்திதான், அதனால நானே எறங்குனேன். சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு அந்தத் தண்ணியில போனேன். குளிரு எலும்புக்குள்ள போகுது. அவன் வீட்டுக்குள்ள தரை இன்னும் பள்ளம், நெஞ்சு வரைக்கும் வந்துட்டு. நின்னுக்கிட்டே காயில் கட்டுத ஒசரமான மேசை மேல காலத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான், பஸ்ஸுக்குக் காத்திருக்குத ஆளு மாதிரி. மெயினு சுச்சு ஆஃப் பண்ணியிருந்தான், அந்த மட்டுக்குப் புத்தி இருந்துது.

மேல வான்னேன். வரலன்னான். ஏன்னேன். என் வீடு இதுன்னான்.

"அப்ப நானும் போகல," அப்படின்னு சொல்லி மேசையில அவன் பக்கத்துல ஏறி உக்காந்துட்டேன்.

அவன் கொஞ்சம் நகந்தான். மேசை சின்ன மேசை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம்னு தெரியல. ஒரு மணி நேரம் இருக்கும். பிளாஸ்டிக் சேர் ஒண்ணு ரூம்பச் சுத்திச் சுத்தி வந்துது. ஒரு மடவை மீன்குஞ்சு உள்ள வந்து சாமிப் படத்துக்குக் கீழ துள்ளிட்டுப் போச்சு. எனக்குச் சிரிப்பு வந்துது, அவன் சிரிக்காததுனால நானும் சிரிக்கல. என் முதுகு அந்த அடைச்ச கதவுப் பக்கம். முதுகுல ஏதோ சில்லுன்னு ஒழுகுத மாதிரி இருந்துது. மழைத்தண்ணின்னு நெனச்சேன்.

அவன்தான் பாத்தான். என்னைப் பாக்கல, எனக்குப் பின்னால பாத்தான். என் கையப் பிடிச்சு ஒரே இழுப்பு. ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள விழுந்தோம். நான் எழும்பி மூச்சு விடுததுக்குள்ள கதவுல அடைச்ச அந்த ஒத்தைக் கல்லுச் செவுரு மொத்தமும் சரிஞ்சு, நான் உக்காந்திருந்த மேசை மேல விழுந்துட்டு. மேசை ரெண்டாப் போச்சும்மா.

அதோட நிக்கல. அந்த ஓட்டை வழியா மண்ணு வருது. நனைஞ்ச மண்ணு, கொழகொழன்னு கஞ்சி மாதிரி. யாரு மண்ணு? என் மண்ணு. என் வீட்டுக்கு அடியில நெரப்புன மண்ணு. அது அவன் ரூம்புக்குள்ள எறங்குது, மேல என் தரைக்குக் கீழ வெறும் பொந்தா ஆகுது. அந்தத் தரை மேலதான் ராக்கினியும் அன்சியும் நிக்காவ.

உண்மையச் சொல்லணும்னா அந்த ஒரு நிமிசம் எனக்கு ஒண்ணுமே தோணல. அவன்தான் வாசலுக்குப் போய் மேல பாத்துக் கத்துனான், ரெண்டு பேரும் வாசப்படிக்கு வாங்க, உள்ள நிக்காதீங்கன்னு. பெறகு என்கிட்டத் திரும்பிக் கேட்டான், "மேல மூடை என்ன இருக்கு?"

மைதா இருந்துது. கிறிஸ்மஸுக்கு வாங்கிப் போட்ட பதினோரு மூடை, முன்ரூம்புல அடுக்கியிருந்துது. மைதான்னேன். அது போதும்னான்.

ராக்கினியும் அன்சியும் அந்த மூடைகள இழுத்துப் படியில உருட்டி விடுதாவ. நான் தண்ணியில நின்னு பிடிச்சு இழுத்துக்கிட்டு வாரேன், அவன் அந்த ஓட்டையில அடுக்குதான். மைதா மூடைக்கு ஒரு கொணம் உண்டு, நனைஞ்சா மேல மட்டும் பசையாகி ஒட்டிக்கிடும், உள்ள தண்ணி போகாது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிச் செவுரு மாதிரி நிக்கும். அது அவனுக்குத் தெரியுமா, இல்ல கையில கெடச்சத வச்சானான்னு தெரியல. ஒம்பது மூடை வச்சான். ரெண்டு பிஞ்சு போச்சு, தண்ணியெல்லாம் பாலு. அடுக்கி முடிச்சு இரும்புப் பீரோவ நகட்டி அதுக்கு முட்டுக் குடுத்தான். பீரோ தண்ணியில நகருது. அதனால அவன் அதுல முதுகச் சாச்சு நின்னுட்டான். நானும் நின்னேன். நாலு மணி, அஞ்சு மணி, கடல் வத்துத வரைக்கும் ரெண்டு பேரும் முதுகக் குடுத்து நின்னோம், மொகமெல்லாம் மாவு.

நின்னுக்கிட்டு இருக்கும்போது, என்னப் பாக்காம, எதிர்ச் செவுத்தப் பாத்துக்கிட்டுச் சொன்னான்:

"அறுக்கதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா, யக்கா."

"கேட்டேன்லா."

"ஜாக்கி எறக்குன பெறகு கேட்ட."

எனக்கு வாயெல்லாம் மைதா.

தண்ணி வத்துன பெறகு மேல வந்து சாப்பிடச் சொன்னேன். ராக்கினி என் அடுப்புல சோறாக்கி வச்சிருந்தா. அவன் வரல. அன்சி ஒரு தட்டுல போட்டுக் கீழ கொண்டு போனா. சேறு மிதிச்சுக்கிட்டு நின்னபடியே சாப்பிட்டான். ராக்கினியும் பிள்ளையும் ஒரு மாசம் என் வீட்லதான் இருந்தாவ. அவன் அந்த ஈரத்துலயே படுத்தான்.

அந்த ஒரு மாசத்துல என்ன செஞ்சான்னா, ராம்பாலை வரச்சொல்லி, இல்ல, நான்தான் வரச்சொன்னேன், அவரு வந்து கீழ பாத்துட்டுத் தலையில கைய வச்சுட்டாரு. மண்ணுக்கு ஒரு கான்கிரீட்டுச் செவுரு உடனே வேணும், என் பக்கம் கட்ட இப்ப எடம் இல்ல, அவன் ரூம்புக்குள்ளதான் கட்ட முடியும்னாரு. அவன் சரின்னுட்டான். நான் கேக்கவே இல்ல, அவனாச் சரின்னான். ஒண்ணரை அடி கனம். அவன் ரூம்பு ஏற்கனவே சின்னது, இப்பக் கட்டில குறுக்கப் போட முடியாது.

அது முடிஞ்ச ஒடனே நான் சொன்னேன், சரி, இப்ப உன் வீட்டையும் தூக்கிருவோம், ராம்பாலும் இங்கனதான் இருக்காரு, நான் ஏற்பாடு பண்ணுதேன்னு. என்னால முடிஞ்சதச் சொன்னேன். அதுக்கு அவன் என்ன சொல்லுதான் தெரியுமா? "நான் மேல போயிட்டா உன் மண்ண யாரு பிடிப்பா"ங்கான்.

எப்படி ஒரு சாக்கு பாத்தீங்களா. வீட்டத் தூக்கணும்னா அந்தச் செவுர மறுபடி அறுக்கணுமாம், அறுத்தா என் மண்ணு சரியுமாம். ராம்பாலும் அதுக்குத் தலைய ஆட்டுதாரு. ஆம்பிளைக ரெண்டு பேரும் ஒண்ணு சேந்துக்கிட்டாவ. வேணும்னா ஒரு வழி இருக்காதா? மனசு இல்ல, அதான். எங்க அப்பாவும் இப்படித்தான், ஒண்ணு வேண்டாம்னுட்டா வேண்டாம்.

நீங்க ஏன் ஒரு மாதிரிப் பாக்கீங்க? நான் செஞ்சதுல ஒரு தப்பும் இல்லம்மா. இந்தத் தெருவுல இன்னைக்கும் காலு நனையாம இருக்கது நான் ஒருத்திதான். கடலு வரட்டும், இன்னும் ரெண்டு படி ஏறட்டும், அப்பவும் எனக்கு ஒரு படி மிச்சம் இருக்கு. விட்டுட்டு ஓடிப் போனவங்கல்லாம் பைபாஸ்ல குடிதண்ணி லாரிக்குக் கொடத்தத் தூக்கிக்கிட்டு நிக்காவ. நான் என் எடத்துல நிக்கேன்.

தண்ணி வாற நாள்ல வீட்டுக்குள்ள இருந்து பாக்க எப்படி இருக்கும்னு கேக்கீங்க. அது எனக்கு அவ்வளவாத் தெரியாது. தண்ணி வாற நாள்ல நான் மேல இருக்கதில்ல. கீழ போயிருவேன். அந்தக் கான்கிரீட்டுச் செவுரு ஒழுகுதா, எங்கயாவது ஈரம் காட்டுதான்னு பாக்கணும்லா. என் வீட்டுப் பொறுப்பு அது. போன கார்த்திகைக்குப் பெறகு ஒரு அமாவாசை விடல, ஒரு பௌர்ணமி விடல. தண்ணி வத்துத வரைக்கும் அங்கன உக்காந்து பாத்துட்டுத்தான் வருவேன். ராக்கினியும் அன்சியும் இங்கன வந்து டிவி பாப்பாவ. தம்பி காயில் சுத்துவான். நான் முந்திரி ஒடைப்பேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவன் கேப்பான், ஈரம் இருக்கான்னு. இல்லம்பேன். சரிம்பான்.

இந்தா, குளிக்குத ரூம்புப் பக்கம் காது குடுத்துக் கேளுங்க. கேக்கா? எனக்கு உள்ள வராது, ஆனா குழாய்க்குள்ள வந்து நின்னு சத்தம் போடும். நேத்து அமாவாசை. அஞ்சு மணி வரைக்கும் நீங்க இனிப் படி எறங்க முடியாது. காப்பி ஃபிளாஸ்க்குல இருக்கு, டப்பாவுல கேக்கு வெட்டி வச்சிருக்கேன். மேஸ்திரி நம்பர் அந்தக் காலண்டர்ல எழுதியிருக்கு, குறிச்சுக்கிடுங்க. தூக்குங்கம்மா, நான் சொல்லுதேன், யாரு என்ன சொன்னாலும் தூக்குங்க.

நான் எறங்குதேன். தம்பி மேசை மாத்திட்டான், இப்ப பெரிய மேசை, ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம். கேட்டா மோட்டாரு வைக்கன்னு சொல்லுவான்.